விற்கப்போகும் வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது?

மும்பை செம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடியில் 640 சதுர அடி கார்ப்பெட் பரப்புள்ள (சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் இடம்) இரண்டு படுக்கையறை வீடு. மழை முடிந்ததும் விற்க எண்ணம். ஹாலில் மூன்று சுவர் மாம்பழ மஞ்சள், ஒரு சுவர் அரக்குச் சிவப்பு. மகளின் அறை கத்தரிப்பூ நிறம். பூஜை மாடம் இருக்கும் சுவர், அம்மா பிடிவாதமாக அடிக்கச் சொன்ன கிளிப்பச்சை. கடைசியாகப் பெயிண்ட் அடித்தது 2012-இல். தரகர், "எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடுங்கள்" என்கிறார். மைத்துனர், "வாங்குகிறவன் எப்படியும் மாற்றத்தான் போகிறான், ஒரு பைசா போடாதே" என்கிறார். என்ன நிறம் அடிக்கலாம்?

நிறத்தின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது: பெயிண்ட்டுக்குப் போடும் பணம் திரும்பி வருமா, வராதா? அதைப் பேசாமல் நிறத்துக்குப் போவது வீண். நான் மாட்டுங்காவில் ஒரு ஹார்டுவேர் கடையில் டப்பா எடுத்துக்கொடுக்கும் பையனாகத் தொடங்கி, 26 ஆண்டுகளாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சயானிலிருந்து முலுண்ட் வரை, பெரும்பாலும் பழைய சொசைட்டிக் கட்டடங்கள், அதாவது வீட்டுக்காரர்களே சங்கமாகச் சேர்ந்து நடத்துபவை. கடலைப் பார்த்த பத்துக் கோடி வீடுகளுக்குள் நான் பிரஷ் எடுத்துக்கொண்டு போனதில்லை; அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். வீட்டு விலை நிர்ணயமும் என் துறை இல்லை. சுவர் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதலில் பணம். வங்கியிலிருந்து மதிப்பிட வருகிறவர் இடத்தைப் பார்ப்பார், பரப்பைப் பார்ப்பார், கட்டடத்தின் வயதைப் பார்ப்பார். உங்கள் ஹாலின் மஞ்சள் அவர் தாளில் ஏறாது. ஆகவே பெயிண்ட் அடித்தால் விலை ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயிண்ட் பேரத்தைக் காப்பாற்றும். கூரையில் ஒரு பழுப்புக் கறையைப் பார்க்கும் மனிதர், அதைச் சரிசெய்ய ஆகும் உண்மையான செலவைக் கழித்துப் பேசுவதில்லை. தன் மனதில் ஊதிப் பெருக்கிய செலவைக் கழித்துப் பேசுகிறார். பதினைந்தாயிரம் ரூபாய் வேலைக்கு ஒன்றரை லட்சம் குறைக்கச் சொன்னவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடியைக் கொடுக்காமல் இருக்கத்தான் பெயிண்ட். உங்கள் மைத்துனர் சொல்வது முழுக்கச் சரியாகும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சொசைட்டி மறுகட்டுமானப் பேச்சில் இருந்தால், பில்டரோடு பேச்சு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், வாங்குகிறவர் வாங்குவது உங்கள் சுவரை அல்ல, இனி கட்டப்போகும் வீட்டில் அவருக்கு வரும் பங்கை. செம்பூரில் இப்போது இரண்டு தெருவுக்கு ஒரு கட்டடம் அப்படித்தான் நிற்கிறது. அப்படியானால் பெருக்கித் துடைத்து, பல்புகளை மாற்றிவிட்டு விடுங்கள், பெயிண்ட் வேண்டாம்.

அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளம், முதலில் விற்றுப்போன வீடுகளின் படங்களை ஆராய்ந்தும், பின்னாளில் வாங்குகிறவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டும், எந்த நிறத்துக்கு எவ்வளவு கூடுதல் என்று டாலர் கணக்கிலேயே சொல்லிவந்தது. 2017-இல் அது சமையலறைக்கு இளநீலம் நல்லது என்றது. 2023-இல் அதே தளம் கரிச்சாம்பல் நிறச் சமையலறையைத் தூக்கிப் பிடித்தது. ஆறு ஆண்டுகளில் வானம் கரியாகிவிட்டது. இவை அங்கிருக்கும் மரச் சமையலறைகளுக்கும் அங்கிருக்கும் ஃபேஷனுக்கும் உரிய கணக்கு. உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர் தமிழராக இருக்கலாம், செம்பூர் கேம்ப் பக்கத்துச் சிந்தியாக இருக்கலாம், மராத்தியராக, குஜராத்தியாக இருக்கலாம். ஒருவருக்கு மங்கலமான நிறம் இன்னொருவருக்குக் கண்ணைக் குத்தும். "இந்த நிறம் அடித்தால் சீக்கிரம் விற்கும்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவரிடம் அந்த நிறத்தில் மிச்சமான வாளி ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறத்தைப் பற்றியது அல்ல, ஈரத்தைப் பற்றியது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உங்கள் சுவருக்குள்ளும் போயிருக்கும். ஓதம் ஏறிய சுவரில் என்ன நடக்கிறதென்றால், தண்ணீர் செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அதன் மேல் எந்த விலை உயர்ந்த எமல்ஷனை அடித்தாலும் அந்த உப்பு அதை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், சயானில் விற்பனைக்கு நின்ற ஒரு வீட்டில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் நான் இந்தத் தவற்றைச் செய்தேன். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், நானும் பணத்துக்குத் தலையாட்டினேன். புட்டி, பிரைமர், இரண்டு கோட்டிங், பார்க்கப் பால் போல இருந்தது. ஒன்பதாம் நாள் வாங்குகிறவரின் அப்பா வந்தார். எண்பது வயது இருக்கும். நிறத்தைப் பார்க்கவே இல்லை. நேராக அந்தச் சுவருக்குப் போய், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் உள்ளங்கையைப் பதித்து, அப்படியே ஒரு நிமிடம் நின்றார். கையை எடுத்தபோது அப்பளம் போல உப்பியிருந்த பெயிண்ட் நொறுங்கி அவர் செருப்பில் விழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் காலை உதறிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே, கடைக்குப் போய் நிற அட்டையைப் புரட்டுவதற்கு முன், சந்தேகமுள்ள ஒவ்வொரு சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நீர் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போகும். குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதி, ஜன்னலின் கீழ் மூலைகள், சமையலறை சிங்க் பின்னால், கூரையில் மேல்வீட்டுக் குளியலறை வரும் இடம், இந்த நான்கையும் விடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி நஹானி டிராப்பும் (குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் வடிகுழி) டைல் இணைப்புகளும்தான். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகினால் அது நீங்களும் மேல்வீட்டுக்காரரும் பேசித் தீர்க்க வேண்டியது. வெளிச்சுவர், மொட்டை மாடி, பொதுக் குழாய் வழியாக வந்தால் வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மகாராஷ்டிர மாதிரி விதிகளின்படி சொசைட்டி பார்க்க வேண்டியது. எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்யாமல் மேலே பூசி மறைத்துவிடலாம் என்று தரகர் காதில் ஓதினால் கேட்காதீர்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவிலேயே, விற்கிறவருக்குத் தெரிந்தும் வாங்குகிறவரின் சாதாரணக் கவனத்துக்குப் புலப்படாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டு ஒழுகல் அந்த வரையறைக்குள் வருமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். என் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது: வீடு முழுக்கப் பழசாக இருந்து ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால், வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

இனி நிறம். நிறத்தைச் சுவரிலிருந்து தொடங்காதீர்கள், தரையிலிருந்து தொடங்குங்கள். விற்கும்போது தரையை மாற்றப்போவதில்லை, சமையல் மேடைக் கல்லை மாற்றப்போவதில்லை, ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் மாற்ற முடியாது. மாற்ற முடியாத இந்த மூன்றோடும் சண்டை போடாத நிறமே உங்கள் நிறம். பிரான்சில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் பழுதில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதை 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். எங்கள் வேலையில் இதை தினமும் பார்க்கிறோம். பழைய கட்டடங்களில் செம்பழுப்பு மொசைக் தரை இருக்கும். அதன் மேல் ஃபேஷனாக இருக்கிறதே என்று வெண்சாம்பல் அடித்தால், சுவர் பாசி படர்ந்ததுபோலப் பச்சையடித்துத் தெரியும். அங்கே மோரில் ஒரு துளி சந்தனம் கரைத்ததுபோன்ற வெள்ளை நிற்கும். மாறாக, தரையில் சாம்பல் பூத்த வெள்ளை மார்பிள் இருந்தால், அதே சந்தன வெள்ளை பழைய காகிதம்போல அழுக்காகத் தெரியும். அங்கே மஞ்சள் கலக்காத வெள்ளைதான். தந்த நிறத்தில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல் என்றால், டைலைவிட ஒரு படி வெளுத்த நிறமாக எடுங்கள், ஆனால் அதே சாயலில்.

தூய வெள்ளை வேண்டாமா? தரகர் சொல்வதில் பாதி சரி. என் அப்பா சுண்ணாம்பு அடித்த காலத்தில், வாளியில் துளி நீலம் விடுவார். மஞ்சளித்துப்போகும் சுண்ணாம்பை அந்த நீலம்தான் வெள்ளையாகக் காட்டும். இன்றைய பெயிண்ட்டுக்கு அந்த உபகாரம் தேவையில்லை. நீலச் சாயல் உள்ள தூய வெள்ளையைச் சுவருக்கு அடித்து, நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும், நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் எல்.இ.டி. டியூப்லைட்டைப் போட்டால், ஹால் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும். கூரைக்குத் தூய வெள்ளை, சுவருக்குச் சற்றே கலங்கிய வெள்ளை. 640 சதுர அடி வீட்டில் அறைக்கு அறை நிறம் மாற்றாமல் ஒரே நிறத்தை ஓடவிட்டால், ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கண் தடுக்காமல் போகும். வீடு பெரிதாகத் தெரியும் என்பதைவிட, துண்டு துண்டாகத் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு. கார்ப்பெட் பரப்பில் மூன்று முதல் மூன்றரை மடங்கு, சுவரும் கூரையும் சேர்ந்த பரப்பு என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறோம். உங்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர அடி. லிட்டருக்கு இரண்டு கோட்டிங்கில் 100 முதல் 140 சதுர அடி போகும். கூரை வெள்ளையைத் தனியாக வாங்கினால், சுவருக்கு 20 லிட்டர் வாளி ஒன்றுக்குள் அடங்கிவிடும். மூன்று நிறம் என்றால் சின்னச் சின்ன டப்பாவாக வாங்கி, ஒவ்வொன்றிலும் கால்வாசி மிச்சம் வைப்பீர்கள்.

ஜன்னல் வெளிச்சம் நிறத்தோடு விளையாடுவதை அலட்சியப்படுத்தாதீர்கள். மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நண்பகலில் சூரியன் மும்பைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயில் பெரும்பாலும் வராது, வானத்தின் நீல வெளிச்சம்தான் வரும். அந்த அறைக்கு அதே வெள்ளையில் சற்று வெதுவெதுப்பானது ஒத்துப்போகும். மேற்கு ஜன்னல் அறையில் சந்தன நிறம் மாலை ஐந்து மணிக்கு மஞ்சள் பூசியதுபோலாகிவிடும், வீடு பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் பக்கத்துக் கட்டடம். போன ஆண்டு உங்கள் செம்பூரிலேயே ஒரு வீட்டில், நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வெள்ளை, அடித்து முடித்ததும் வெள்ளரிக்காய்த் தோலாகத் தெரிந்தது. வாளியை மாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனேன். திரும்பி வந்து ஜன்னல் ஓரம் நின்றபோதுதான் உறைத்தது: இருபதடி தூரத்தில் எதிர்க் கட்டடம் முழுக்கக் கட்டுமானத்துக்கான பச்சை வலை போர்த்தியிருந்தது. வெயில் அதில் பட்டு எங்கள் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பீச் சாயல் ஒரு துளி சேர்ந்த வெள்ளையை மேலே ஒரு கோட்டிங் கொடுத்தோம், பச்சை அடங்கியது. மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய கட்டடங்களுக்கு எதிரில் இருந்தாலும் இதே கதைதான்.

அதனால்தான், நிற அட்டையின் தபால்தலைச் சதுரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். ஒரு லிட்டர் வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் எமல்ஷன் ஈரத்தில் பார்த்ததைவிடச் சற்று அழுத்தமாகும். நேராகச் சுவரில் சோதனைக் கட்டம் போட்டால், சுற்றியிருக்கும் அரக்குச் சிவப்பு உங்கள் கண்ணை ஏமாற்றும். அட்டையைத் தரையை ஒட்டி நிறுத்தி, காலை, மாலை, இரவு டியூப்லைட், மூன்றிலும் பாருங்கள். மினுமினுப்பு குறைந்த வகையாக எடுங்கள். பளபளப்பான பெயிண்ட், பழைய சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் டியூப்லைட் அடியில் எண்ணிக் காட்டும். அரக்குச் சிவப்பும் கத்தரிப்பூவும் கிளிப்பச்சையும் இரண்டு கோட்டிங்கில் அடங்கா. முதலில் வெள்ளை பிரைமர் போட்டு மூடச் சொல்லுங்கள். அதைத் தவிர்த்து மூன்றாவது கோட்டிங் கொடுக்கிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னால், லாபம் அவருக்குத்தான்.

கதவுகள், கிரில் எனாமலைத் தேய்க்கும்போது மட்டும் ஒரு கவனம். வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கதவில் இருப்பது அதற்கு முந்தையது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி வீடெல்லாம் படியும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வீட்டில் வைக்காதீர்கள்.

வாஸ்துப்படி எந்தத் திசைக்கு எந்த நிறம் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. கேட்கும் வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. வெளிர்நிறச் சுவரைப் பார்த்து வாஸ்து சரியில்லை என்று திரும்பிப்போனவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கறுப்புச் சுவரைப் பார்த்து வாசலோடு திரும்பியவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

அம்மாவின் கிளிப்பச்சைச் சுவரை என்ன செய்வது என்று நேராகக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். அது பூஜை மாடம் மட்டும் அடங்கும் நான்கடிச் சுவர் என்றால், கடைசியாக அடியுங்கள். மற்றதெல்லாம் வெளுத்த பிறகு அந்தப் பச்சை தனியாக நிற்பதை அம்மாவே பார்க்கட்டும். என் அனுபவத்தில், "இதையும் அடித்துவிடுங்கள்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், விட்டுவிடுங்கள், நான்கடிப் பச்சைக்காக எந்தப் பேரமும் முறிந்து நான் பார்த்ததில்லை.

நாள் கணக்கு ஒன்று பாக்கி. மழை அக்டோபர் முதல் பாதியில் விடைபெறும், பிறகு வரும் அக்டோபர் வெயில் சுவரை நன்றாக உலர்த்தும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் நகரமே பெயிண்ட் அடிக்கும், கூலி ஏறும், வேலை அவசர கதியில் நடக்கும். தீபாவளிக்குப் பின் பையன்கள் சத் பூஜைக்கு பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ரயிலேறிவிடுவார்கள். அவர்கள் திரும்பிய பிறகு தொடங்குங்கள். ஆள் புழக்கத்தோடு பத்து நாள் வேலை, அதன்பின் வாசனை போக ஜன்னலைத் திறந்துபோட்டு ஒரு வாரம். விளம்பரப் படங்களைக் காலை பத்து மணிக்கு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். தரை மொசைக்கா, மார்பிளா, டைலா என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் எந்த வெள்ளை என்பதையும் சொல்லிவிடுவேன்.